நன்றி ஒத்திகை

உதவித்தொகை வந்துவிட்டது. இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அனுமதித்தாகிவிட்டது, ஒதுக்கியாகிவிட்டது, பணம் வங்கிக்கு வந்து உட்கார்ந்தும் ஆகிவிட்டது. வழங்கத்தான் இல்லை.

இந்த நுட்பம் மாணவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. மாணவர் நல உதவி அலுவலகத்தின் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் வருகிறவர்களுக்கெல்லாம் அதை விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி. பேசுவதற்காகக் கண்ணாடியில் போட்ட துளை கொஞ்சம் தாழ்வாக விழுந்துவிட்டதால், எவ்வளவு நிமிர்ந்து வருகிறவனும் அங்கே குனிந்துதான் பேச வேண்டும். அலுவலகத்தில் வேறு பல வேலைகள் இருந்தன; துளையை யாரும் திருத்தவில்லை.

"உதவி ரெடியாத்தான் இருக்கும்மா," என்றார் சாளரத்தம்மாள். "விழாதான் இன்னும் ரெடியாகல."

குனிந்து நின்றவள் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் கடைசி வருடம். நரம்பே தென்படாத கையிலும் முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதால் கூடப் படிக்கிறவர்கள் அவளை ஊசி என்றே கூப்பிட்டார்கள்.

"விழா எப்ப மேடம்?"

"சிறப்பு விருந்தினர் தேதி குடுக்கணும்."

"அவரு எப்ப குடுப்பாரு?"

"முதல்ல அவரு யாருன்னு முடிவாகணும்ல," என்றார் சாளரத்தம்மாள். அவருக்குக் கோபமே வரவில்லை. கோபம் வராத ஆட்களைத்தான் அந்த இடத்தில் உட்கார வைப்பார்கள்.

ஊசியின் அவசரம் இதுதான். கட்டணம் கட்டாதவர்களைக் கடைசித் தேர்வுக்குள் விடப்போவதில்லை என்று கல்லூரி அறிவித்துவிட்டது. தேர்வை விட்டால் முழுதாக ஒரு வருடம் போகும். அவளுடைய அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். காலரின் முனை கூராகத் திரும்ப வேண்டுமென்றால் தைக்கிறவளுக்குக் கண் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் கண் மங்கிக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளர் அவள் தைத்த காலர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார். மகள் தேர்வெழுதி ஒரு ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும்வரை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று அம்மா நினைத்திருந்தாள். அதனால் ஊசி இந்த வருடமே தேர்வெழுதியாக வேண்டும்.

முன்னொரு காலத்தில் இந்த அலுவலகம் இப்படியெல்லாம் இல்லை. உதவித்தொகையை மாணவர்களின் கணக்கில் பேசாமல் போட்டுவிடுவார்கள். மாணவர்களும் சத்தமில்லாமல் சாப்பிட்டு, சத்தமில்லாமல் படித்து, சத்தமில்லாமல் தேறிப் போய்விட்டார்கள். இப்படி ஒரு அலுவலகம் இருப்பதே ஊருக்குத் தெரியாமல் போயிற்று. இந்த அவமானத்தைப் பொறுக்க முடியாமல்தான் இப்போதைய இயக்குநர் புது விதி கொண்டுவந்தார். மேடையில் கைமாறாத உதவி உதவியே அல்ல. விழா முடிந்த பிறகுதான் சாளரத்தில் பணம் கொடுப்பார்கள்.

ஊசி இயக்குநரைப் பார்க்கப் போனாள். அறைச்சுவர் முழுக்கப் பழைய விழாக்களின் படங்கள். எல்லாப் படத்திலும் இயக்குநர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஆளுயரக் காசோலை அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்குகிறவர்களின் பின்மண்டை மட்டும் தெரிந்தது.

"உக்காருங்கம்மா. உக்காந்தா பசி தெரியாது," என்றார் இயக்குநர். "நான் மாணவர்கள என் புள்ளைங்களாத்தான் பாக்கறேன். என் பையன் கேட்டப்பல்லாம் உடனே காசு குடுத்தேன். என்ன ஆச்சு? வெளிநாட்டுல போய் உக்காந்துக்கிட்டான். போன்கூடப் பண்றதில்ல. அந்தத் தப்ப உங்க விஷயத்துல நான் பண்ண மாட்டேன்."

"சார், பரீட்சைக் கட்டணம் கட்டணும்."

"கட்டலாம். பணத்தக் கணக்குல போட்டா என்னாகும்? செலவாயிரும். அதையே மேடையில குடுத்தா போட்டோவாகும். போட்டோ என்னிக்காவது செலவாகுமா? நீங்க படிச்ச பொண்ணு, யோசிச்சுப் பாருங்க."

ஊசி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"அதுவரைக்கும் ஒரு பகுதி நேர வேலை பாத்துக்கங்க. நானெல்லாம் அந்தக் காலத்துல..." என்று தொடங்கிய இயக்குநர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தார். "எங்கப்பா மாசாமாசம் பணம் அனுப்பிட்டாரு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமப் போச்சு. உங்களுக்கு இருக்கு. ஆனா ஒண்ணு. வேலைக்குப் போற மாணவருக்கு உதவித்தொகை கிடையாதுன்னு விதி இருக்கு. அதனால வேலை பாருங்க, ஆனா வேலையில இருக்காதீங்க."

புறப்படும்போது ஒரு சிறு புத்தகம் கொடுத்தார். வழவழப்பான தாளில் நாலு வண்ணத்தில் அச்சிட்டது. 'காத்திருப்போம், கலங்காதிருப்போம்' என்று பெயர். உணவை நினைக்காமலிருக்க உணவில்லாத இடங்களில் நடமாடவும் என்று அதில் போட்டிருந்தது. தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் நிதானமாகக் குடித்தால் நிறைவு உண்டாகும் என்றும், நண்பர்களோடு, அதிலும் வாங்கித் தரக்கூடிய நண்பர்களோடு பழகுவது மனத்துக்கு இதமளிக்கும் என்றும் போட்டிருந்தது. புத்தகச் செலவு உதவித்தொகை நிதியிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் தெரிவித்திருந்தார்கள்.

ஊசி வேலை தேடிக் கிளம்பினாள். பேக்கரிக்காரர் வேலை தெரிந்த ஆள்தான் வேண்டும் என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றாள். "கத்துக்கிட்டு வா," என்றார். ஒரு வீட்டில் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். பையன் தேறினால் சம்பளம் என்று அந்த வீட்டம்மா சொன்னார். பையன் ஏற்கெனவே அதே வகுப்பில் இரண்டாவது தடவை உட்கார்ந்திருந்தான். அவன் அழிரப்பரைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஊசி எழுந்து வந்துவிட்டாள்.

மூன்றாவதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். இங்கே நிச்சயம் கிடைக்கும் என்று நம்பித்தான் போனாள்.

"ரத்தம் எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார் நிலையத்துக்காரர்.

"நல்லாத் தெரியும் சார்."

"சர்டிபிகேட்?"

"கடைசிப் பரீட்சை எழுதினா வந்துரும்."

"எழுதிட்டு வாங்க."

"எழுதறதுக்குத்தான் சார் வேலை கேக்கறேன்."

நிலையத்துக்காரர் இளகிய மனசுக்காரர். வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. "எடுக்கறதுக்குத்தான் சர்டிபிகேட் வேணும். குடுக்கறதுக்கு வேண்டாம். ரத்தம் குடுத்துட்டுப் போறீங்களா? ஜூஸ் தருவோம்," என்றார். ஊசி கையை நீட்டினாள். குத்தியவனுக்கு நரம்பு சிக்கவில்லை. இரண்டு இடத்தில் தப்பாகக் குத்தினான். இங்கே குத்துங்க என்று அவளே விரலை வைத்துக் காட்டினாள். ஜூஸை நிதானமாகக் குடித்தாள். அந்தப் புத்தகம் சொன்னது போல நிறைவு எதுவும் உண்டாகவில்லை.

கடைசியில் வேலை கொடுத்தவர் நாற்காலிக்காரர். கூட்டங்களுக்கு நாற்காலி, மேடை, மைக் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். இரும்பு மடக்கு நாற்காலிகளை வண்டியிலிருந்து இறக்கி, விரித்து, வரிசையாகப் போட்டு, வெள்ளை உறை மாட்டி, உறையின் முதுகில் நாடாவைப் பூ மாதிரி முடிய வேண்டும். கூட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். மடக்கும்போது விரலை மூட்டுக்குள் விட்டால் நகம் போய்விடும். முதல் வாரத்தில் அவளுக்கு ஒரு நகம் போயிற்று. சீசன் முடிந்ததும் சேர்த்துத் தருவதாக நாற்காலிக்காரர் சொல்லியிருந்தார். நடுவில் நின்றுவிட்டால் ஒன்றும் கிடையாது. கணக்கு எதிலும் அவள் பெயர் கிடையாது என்பதால் அவள் வேலையில் இல்லை, வேலை மட்டும் பார்த்தாள்.

இதற்குள் சிறப்பு விருந்தினர் முடிவாகிவிட்டார். மெத்தை நிறுவனம் ஒன்றின் அதிபர். விழா நாளும் குறித்தாயிற்று. கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாளும் அதுவேதான். காலையில் விழா, மதியம் சாளரத்தில் பணம், சாயங்காலத்துக்குள் கல்லூரி. ஊசி மனசுக்குள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் வந்தது.

விழாவுக்கு முன் நன்றி ஒத்திகை என்று ஒன்று உண்டு. பயனாளிகள் மேடையேறுவது, காசோலை அட்டையை எந்தக் கையால் பிடிப்பது, எந்த இடத்தில் கண்ணைத் துடைப்பது என்று மூன்று பிற்பகல்கள் பயிற்சி. முதல் பிற்பகல் இயக்குநர் மேடையில் நின்று பார்த்தார். அரங்கம் காலி. உதவித்தொகை தாமதமானதால் எல்லாப் பயனாளிகளும் எங்கேயாவது தட்டு கழுவிக்கொண்டோ பொட்டலம் சுமந்துகொண்டோ இருந்தார்கள்.

இயக்குநருக்கு நெஞ்சு கனத்துவிட்டது. "நன்றிங்கறதே இல்லாத தலைமுறை," என்றார். "இவங்களுக்காக நான் ரெண்டு மாசமா விருந்தினர் வீட்டு வாசல்ல நிக்கறேன். இவங்க என்னடான்னா சோத்துக்கு ஓடிக்கிட்டு இருக்காங்க."

ஆனால் அவர் சோர்ந்துவிடுகிற ஆள் இல்லை. வரிசை போட்டுக்கொண்டிருந்த நாற்காலிக்காரரைக் கூப்பிட்டு, நாற்காலியோடு ஆளும் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றார் நாற்காலிக்காரர். சும்மா உட்கார ஒரு விலை, கைதட்ட ஒரு விலை, மேடையேறி வாங்க ஒரு விலை, அழுதால் இரட்டிப்பு. இயக்குநர் உடனே சம்மதித்தார். மாணவர்களுக்கு உதவத்தான் விதிகள் குறுக்கே நின்றன. நாற்காலிக்காரருக்குப் பணம் கொடுக்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

நாற்காலிக்காரர் தன் ஆட்களை வரிசையாக நிற்க வைத்தார். ஊசியின் முன்னால் வந்து, "உனக்குக் கண்ணுல தண்ணி வருமா?" என்றார்.

"அண்ணா, நான் நிஜமாவே உதவித்தொகை வாங்க வேண்டியவ. என் பேரே இதுல இருக்கு."

"அது வேற வேலைம்மா. அதுக்கு யாரு காசு தர்றா?"

நின்றுவிட்டால் சீசன் கூலி போய்விடும். எப்படியும் அதே அரங்கம், அதே மேடை. வேலையும் பார்த்துக்கொண்டு உதவித்தொகையும் வாங்கிக்கொண்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. புத்தியுள்ள யாருக்கும் அப்படித்தான் தோன்றும். புத்தி அங்கே செல்லாது என்பதை அவள் மறந்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ஒத்திகையில் இயக்குநர் ஒரு காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். "இருக்கறதுலயே உருக்கமான கேஸ் இதுதான். அப்பா இல்ல. அம்மா காலர் தைக்கறாங்க, கண்ணு மங்கிக்கிட்டே போகுது. பொண்ணு ரத்தப் பரிசோதனை படிக்குது. இதுக்கு நல்ல ஆளாப் போடுங்க. விருந்தினர் கரையணும்."

ஊசி கையைத் தூக்கினாள். "சார், அது நான்தான்."

"நீங்க பண்றீங்களா?"

"பண்றது இல்ல சார். அது நான்தான். என் கேஸ்."

இயக்குநர் மகிழ்ந்துபோனார். அவருக்கு எதிலும் காழ்ப்பு கிடையாது. "அப்படியா, ரொம்ப நல்லதாப் போச்சு. மேடைக்கு வாங்க. சொல்லுங்க பாப்போம்."

ஊசி மைக்கின் முன்னால் நின்றாள். "எங்கம்மா சட்டைக் கம்பெனியில காலர் தைக்கறாங்க. கண்ணு சரியாத் தெரியல. நான் பரீட்சை எழுதணும். கட்டணம் கட்டணும்," என்றாள். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லாததால் நிறுத்திக்கொண்டாள்.

இயக்குநர் சாளரத்தம்மாளைப் பார்த்தார். சாளரத்தம்மாள் உதட்டைப் பிதுக்கினார்.

"நம்பற மாதிரி இல்லையேம்மா," என்றார் இயக்குநர்.

"நிஜம் சார்."

"நீங்க நிஜம்ங்கறது சரி. ஆனா நிஜமாத் தெரியல. கஷ்டப்படறவங்க இப்படியா நிப்பாங்க? ஏதோ பில் கட்ட வந்தவங்க மாதிரி நிக்கறீங்க. தோள்பட்டையக் கொஞ்சம் இறக்குங்க. அம்மான்னு சொல்றப்ப ஒரு நிறுத்து நிறுத்துங்க. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னாள். தோள்பட்டையை இறக்கினாள். அம்மா என்ற இடத்தில் நிறுத்தினாள். அவளுக்கு வெட்கம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

அடுத்து நாற்காலிக்காரரின் மச்சினி மேடையேறினாள். நாற்பது வயதிருக்கும். கூட்டங்களில் அழுது பழகியவள். மைக்கைப் பிடித்தாள், பேசவே இல்லை, கீழ் உதடு மட்டும் லேசாக நடுங்கியது. சாளரத்தம்மாள் கைக்குட்டையை எடுத்தார். "பாத்தீங்களா?" என்றார் இயக்குநர் ஊசியிடம், பாடம் நடத்துகிற பரிவோடு. ஊசியின் பெயர் எழுதிய அட்டை மச்சினியின் கழுத்துக்குப் போயிற்று. ஊசியின் கழுத்துக்கு வேறொருத்தியின் பெயர் வந்தது. நல்ல மதிப்பெண் எடுத்த மாணவி, அழ வேண்டியதில்லை, சிரித்தால் போதும்.

இறங்கும்போது ஊசி கேட்டாள். "சார், மேடையில வாங்கின முகத்தப் போட்டோவுல பாத்துத்தான் சாளரத்துல பணம் தருவாங்கன்னு விதி இருக்கே?"

"அதெல்லாம் அலுவலகம் பாத்துக்கும். நீங்க சிரிக்கறதப் பாருங்க," என்றார் இயக்குநர்.

விழாவன்று ஊசி விடிந்ததுமே போய் நாற்காலிகளைப் போட்டு உறை மாட்டினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பயனாளிகள் வரிசையில் போய் உட்கார்ந்தாள். மெத்தை அதிபர் மதியம் நெருங்கும்போது வந்தார்.

"நானும் கஷ்டத்துல வளந்தவன்தான்," என்று அதிபர் பேசினார். "எங்கப்பா எனக்கு ஒரே ஒரு தொழிற்சாலையத்தான் விட்டுட்டுப் போனாரு. அத வச்சுக்கிட்டுத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்தப் புள்ளைங்களப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. ஏழைங்க படுத்த உடனே தூங்கிடறாங்க. அந்தத் தூக்கத்தத்தான் நாங்க பணக்காரங்களுக்கு விக்கறோம். இவங்க கையில நிறைய காசு குடுத்து அந்தத் தூக்கத்தக் கெடுத்துடாதீங்கன்னு இயக்குநர்கிட்ட அன்போட கேட்டுக்கறேன்."

உட்கார்ந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டக் காசு வாங்கியவர்கள் அதிகமாகவே தட்டினார்கள்.

ஊசியின் பெயரை அழைத்தார்கள். ஊசி உட்கார்ந்தே இருந்தாள். மச்சினி மேடையேறினாள். அன்றைக்கு அவள் ஒத்திகையைத் தாண்டிப் போய்விட்டாள். "எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போயிருச்சுங்க," என்றாள். "காலர் தைக்கறப்ப ஊசி விரல்ல ஏறினதுகூடத் தெரியாம தைச்சுக்கிட்டே இருந்தாங்க. வெள்ளைக் காலர் சிவப்பாயிருச்சு. அத வீட்டுக்குக் கொண்டாந்து, நல்லா வந்திருக்கான்னு என்கிட்டக் காட்டினாங்க. நான் நல்லா வந்திருக்கும்மான்னு சொன்னேன்."

அரங்கம் விம்மியது. அதிபர் மச்சினியின் தோளைப் பிடித்துத் தேற்றும்படி ஆயிற்று. இல்லாததைச் சொல்கிறாள் என்று தெரிந்தும் ஊசிக்கு அம்மாவின் விரல்கள் கண்முன்னால் வந்துவிட்டன. மாதக்கணக்கில் வராமல் இருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நிறுத்த முடியவில்லை. அவள் தேம்பினாள்.

அடுத்து அவள் கழுத்திலிருந்த பெயரை அழைத்தார்கள். அழுத முகத்தோடு மேடையேறினாள். காசோலை அட்டையின் பின்னாலிருந்து இயக்குநர் பல்லைக் கடித்தார். "சிரிம்மா. உன் கேஸ் சிரிக்கற கேஸ்," என்றார். அவள் சிரித்தாள். படம் எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளை மடக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பாதி வேலையில் நாற்காலிக்காரர் எங்கோ போன நேரம் பார்த்து ஊசி நழுவிச் சாளரத்துக்கு ஓடினாள். குனிந்து தன் கல்லூரி அட்டையைக் காட்டிப் பெயரைச் சொன்னாள்.

சாளரத்தம்மாள் கணினித் திரையில் தேடினார். "இது குடுத்தாச்சேம்மா."

"யாருக்கு?"

"போட்டோவுல இருக்கறவங்களுக்கு. கொஞ்சம் முன்னாடிதான் வாங்கிட்டுப் போனாங்க. கையெழுத்து போடறப்பகூட அழுதாங்க, பாவம்."

"மேடம், நான்தான் அதுன்னு உங்களுக்கே தெரியும். ஒத்திகையில நீங்களும் இருந்தீங்க."

"எனக்குத் தெரியும்மா. விதிக்குத் தெரியாதுல்ல?" என்றார் சாளரத்தம்மாள். "மேடையில இருக்கற மூஞ்சிதான் மூஞ்சி. அலுவலகம் பாத்துக்கும்னு சார் வாயால சொன்னாரு. விதி அச்சுல இருக்கு."

ஊசி அங்கேயே நின்றாள். சத்தம் போட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அந்தத் துளைக்கு நேராகக் குனிந்துகொண்டு சத்தம் போட வரவில்லை. சாளரத்தம்மாள் இயக்குநரைக் கூப்பிட்டார். விழா நன்றாக நடந்த களைப்போடும் திருப்தியோடும் அவர் வந்தார்.

"உங்க கேஸ உங்களுக்கே குடுக்கத்தானே பாத்தோம்?" என்றார். "ரெண்டு தடவை வாய்ப்பு குடுத்தோம். நீங்கதான் கோட்டை விட்டுட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்கு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டணம் கட்டணும் சார். எங்கம்மா..."

"அம்மாவப் பத்தி இப்ப நல்லாச் சொல்றீங்க. இத மேடையில சொல்லியிருக்கலாம்." அவர் திரையை எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஏன் கவலைப்படறீங்க? உங்க போட்டோவுக்கும் ஒரு தொகை இருக்கே. நீங்க மேடையில வாங்கினது. அத எடுத்துக்கங்க."

"அது என் பேரு இல்ல."

"மூஞ்சி உங்களோடதுதானே?"

"அந்தப் பொண்ணு வந்து கேட்டா?"

"வந்து கேட்டாலும் தர முடியாது. போட்டோவுல அது இல்லையே. நீங்க வாங்கலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் பணம் மேல திரும்பிப் போயிரும். உங்களுக்கும் இல்ல, அதுக்கும் இல்ல. எங்க அறிக்கையில ஒரு ஆள் குறையும். இவ்வளவு பெரிய விழா நடத்திட்டு ஒரு ஆள் வாங்காமப் போனாங்கன்னு எழுத எனக்கு மனசு கேக்குமா? நீங்களே சொல்லுங்க."

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஊசிக்குப் படிக்கட்டின் உச்சியில் நிற்பது போலத் தலை சுற்றியது. காலையில் ஒரு டீதான் குடித்திருந்தாள். தான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. எந்தத் திருட்டையும் செய்வதற்குப் போதுமான அளவு உண்மையை அந்த அலுவலகம் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தது.

சாளரத்தம்மாள் தாளை நகர்த்தினார். ஊசி அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். ஒத்திகை நாள்முதல் கழுத்தில் தொங்கிய பெயர், எழுத்துப் பிசகாமல் வந்தது. உறையை வாங்கிப் பைக்குள் வைத்து, பையைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"வாழ்த்துக்கள்," என்றார் இயக்குநர்.

வெளியே வாசலில் ஒரு பெண் படியேறி ஓடி வந்தாள். பெட்ரோல் நிலையத்துச் சீருடை. மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறாள். மேலெல்லாம் பெட்ரோல் நெடி. சட்டைப்பையின் மேல் குத்தியிருந்த பட்டையில் பெயர் இருந்தது. ஊசி அதைப் படித்தாள். சற்றுமுன் தன் கையால் எழுதிய பெயர்.

"அக்கா, உள்ள குடுக்கறாங்களா?" என்று மூச்சிரைத்தபடி கேட்டாள் அந்தப் பெண். "முதலாளி இப்பத்தான் விட்டாரு. நானும் இன்னிக்கே கட்டணம் கட்டணும்."

"குடுக்கறாங்க," என்றாள் ஊசி.

"உங்களுக்குக் கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு."

"அப்பாடா," என்றாள் அந்தப் பெண். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். நீங்களும் கட்டணம் கட்டத்தானே போறீங்க? ஒரு நிமிஷம் இருங்கக்கா. வாங்கிட்டு வந்துடறேன், சேந்தே போயிரலாம்."

அவள் உள்ளே போனாள். சாளரத்தில் குனிவது கதவின் வழியாகத் தெரிந்தது. ஊசி படியிறங்கி, கல்லூரி இருக்கும் பக்கமாக வேகமாக நடக்கத் தொடங்கினாள்.